‘இல்லை’ என்று எழுதிய தண்ணீர்

ஜூன் 2, திங்கள்

விடிந்ததுமே வெக்கை. கத்திரி முடிந்துவிட்டதாம். யார் சொன்னதோ அவரைக் கொண்டுவந்து எங்கள் லேப் மொட்டை மாடியில் நிறுத்த வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை இன்றும் நின்றே பயணம். வலது தோள் பிடுங்கி எடுக்கிறது. தினமும் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் வேறென்ன ஆகும். கிளம்பும்போது வலி ஜெல் தடவியிருந்தேன், பக்கத்தில் நின்ற அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிப்காட் வந்ததும் வழக்கம்போல எல்லாரும் ஜன்னலைச் சாத்தினார்கள். அந்த நாற்றத்துக்கு என் ஜெல் எவ்வளவோ தேவலை. அவளிடம் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன்.

இன்றைய வேலை:
– காலம் மாற்றுவது.
– சனிக்கிழமை எடுத்த தண்ணீர் சாம்பிளை மிஷினில் ஓட்டுவது.
– மேனேஜர் குணசேகரன் (இனி கு., முழுப் பெயர் எழுத மை போதாது) முகத்தில் விழிக்காமல் இருப்பது.

முதல் இரண்டும் முடிந்தன.

காலம் என்றால் மிஷினின் காலம். தண்ணீரில் கலந்து கிடப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே விடும் சின்ன இரும்புக் குழாய். வந்த புதிதில் “காலம் சரியில்லை” என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை. அது மாறிவிட்டது, என் காலம்தான் மாறவில்லை.

சாம்பிள் என் தங்கை ஸ்டெல்லா ஊர்த் தண்ணீர். அவள் வாக்கப்பட்ட ஊர். சிப்காட்டில் மருந்து செய்யும் கம்பெனிக்குப் பின்பக்கம், நடுவில் இருப்பது அவர்கள் கழிவுக் குட்டை மட்டும். கம்பெனியே எங்கள் லேபுக்குக் காசு கொடுத்து ஊர் டேங்க் தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறது. ரிப்போர்ட்டை டேங்க் பக்கத்தில் போர்டில் மாட்டுவார்கள். போன தடவை வேறொருவர் கையெழுத்து. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இந்தத் தடவையிலிருந்து என் தலையில்.

தேடச் சொன்னது ஒரே ஒரு மருந்து. வலி மருந்து, டைக்ளோ. என் தோளில் மணக்கிறதே, அதேதான்.

அது இல்லை. மிஷின் வரையும் படத்தில் அதன் இடத்தில் கோடு சவம் மாதிரி நேராகப் படுத்திருந்தது. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால், யாரும் தேடாத இடத்தில், ஒரு பீக், கோட்டில் எழும்பும் முனை. சின்னதுதான். ஆனால் நன்றாக எழுந்து நிற்கிறது. மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அதே இடம்.

மதியம் சாப்பாடு புளிச்சோறு. கு. பக்கத்து மேஜையில் மீன் வறுவல். வாசனையால்கூட மனுஷனைக் குத்த முடியும் அவரால்.

ஜூன் 3, செவ்வாய்

காற்றே இல்லை. ஏ.சி. மிஷினுக்கு மட்டும்தான், மனிதர்களுக்கு ஃபேன்.

பீக் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். டைக்ளோவில் இரண்டு குளோரின். குளோரின் இருந்தால் மிஷினில் தனியாக வராது, பக்கத்தில் கனம் கூடின கூட்டாளியையும் அழைத்துக்கொண்டு வரும். அந்தக் கூட்டாளியின் உயரத்தை வைத்து எத்தனை குளோரின் என்று சொல்லிவிடலாம். இதில் கூட்டாளி மூன்றில் ஒரு பங்கு உயரம். அப்படியென்றால் ஒரே குளோரின். எடையும் சரியாக அந்த அளவுக்குக் குறைவு. டைக்ளோவிலிருந்து ஒரு குளோரின் கழன்று போன துண்டு. வெயிலில் கிடந்தால் இப்படித்தான் உடையும்.

கழிவுக் குட்டை திறந்த குட்டை. இந்த வெயில். வேறென்ன வேண்டும். மருந்து குட்டையில் வெந்து, உடைந்து, மண்ணில் இறங்கி, போர்வெல்லில் ஏறி, டேங்குக்குப் போய், குழாயில் வருகிறது. நாங்களோ முழு மருந்தைத் தேடிவிட்டு ‘காணோம்’ என்று எழுதுகிறோம். திருடன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் போலீஸ் விட்டுவிடுவது மாதிரி.

கு.விடம் போய்ச் சொன்னேன். படத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. நாற்காலியைப் பின்னால் சாய்த்து மூக்கை இழுத்தார். ஆபீஸ் மொத்தமும் கேட்கிற மாதிரி:

“மேடம், நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே உங்க தைலம் வந்துருச்சு. அந்தக் கையோட சாம்பிள் எடுத்தா டைக்ளோ வராம இன்னா வரும்? ஊர்த் தண்ணில இல்ல மேடம். உங்க கையில இருக்குது.”

சிரித்தார்கள். ரிசப்ஷன் பெண்கூட.

படத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பதிலெல்லாம் பஸ்ஸில் வரும்போதுதான் வரிசையாக வந்தது:
– சாம்பிள் எடுக்கும்போது கையுறை போட்டிருந்தேன்.
– சுத்தத் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுபோய் அங்கேயே திறந்து மூடிக் கொண்டுவந்தேன். ப்ளாங்க் என்பார்கள். கை அழுக்கு என்றால் அதிலும் வர வேண்டும். வரவில்லை.
– தைலம் இல்லை ஐயா, ஜெல்.
– உங்கள் மீன் வறுவலை மிஷினில் விட்டுப் பார்க்கட்டுமா.

இரவு ஜெல் தடவவில்லை. தோள் வலியோடு படுத்தேன். அவருக்காக என் தோளைப் பட்டினி போடுகிறேன் பார், எனக்கே என் மேல் கோபம்.

ஜூன் 4, புதன்

வெயில் சுரீர். நல்லது, இன்றைக்கு அது என் பக்கம்.

டைக்ளோவைச் சுத்தத் தண்ணீரில் கலந்து இரண்டு கண்ணாடிக் குப்பி. ஒன்று வெறுமனே, இன்னொன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றி. இரண்டையும் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் வைத்தேன். வெயில் பட்ட குப்பியில் ஊர்த் தண்ணீரில் வந்த அதே பீக் அதே இடத்தில் வந்தால் போதும். தாள் சுற்றியதில் வரக் கூடாது. மாடிக் கதவில் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டினேன்.

மதியம் போய்ப் பார்த்தால் இரண்டும் காலி. கழுவிக் கவிழ்த்திருந்தது. கு. தான். டேங்கில் தண்ணீர் பார்க்க மாடிக்குப் போனாராம். “ஏதோ பழைய தண்ணினு நெனச்சேன் மேடம், கொசு வந்துரும்ல.” கொசுவாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஆள் ஒரு குப்பியைக் கழுவி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். குழந்தைக்கு எந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்குகிறாய் என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாதோ. இல்லை, கேட்டது சரிதான். டேங்க் தண்ணிதான், காய்ச்சித்தான் தர்றேன் என்றாள். காய்ச்சினால் இது போகாது என்றேன். எது போகாது என்றாள். சொன்னேன்.

அப்புறம் ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் அந்தோணிக்கு அந்தக் கம்பெனியில்தான் கான்ட்ராக்ட் வேலை. அங்கே யாராவது வாயைத் திறந்தால் மறுநாள் கம்பெனி கேட் லிஸ்டில் பெயர் இருக்காது. நான் படித்தவளாம், தனிக்கட்டையாம், சிதம்பரத்தில் ஃபேன் போட்டுத் தூங்குகிறவளாம்.

“தண்ணி கெட்டுப் போச்சுன்னு சொல்ற. சரி. கேன் தண்ணி வாங்கித் தரியா தெனமும்? அவுருக்கு வேல போனா நீ தருவியா? சும்மா பயமுறுத்தாத. போர்டுல இல்லன்னு போட்டுருக்குது. கவர்மெண்ட்டே ஒத்துக்குது. நீ பெரிய ஆளா?”

கவர்மெண்ட் இல்லை, நாங்கள்தான் எழுதினோம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

போர்டில் ‘இல்லை’ என்று இருக்கிறதா? நாங்கள் அனுப்புவதில் அந்தச் சொல் வராதே. ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் எழுதுவோம். கு.விடம் கேட்க வேண்டும்.

பால்காரருக்குப் பாக்கி. மறக்காதே.

ஜூன் 5, வியாழன்

மேகம் வருமோ என்று பயந்தேன். வரவில்லை.

இன்று குப்பிகளை மாடியில் வைத்துவிட்டு நானும் பக்கத்திலேயே குடை பிடித்து உட்கார்ந்துகொண்டேன். எதிர் மாடியில் துணி காயப்போட்ட அம்மாள் என்னையே பார்த்தாள். ஊறுகாய் ஜாடிக்குக் காவல் என்று நினைத்திருப்பாள். ரிப்போர்ட் டைப் செய்யும் வேலை கிடக்கிறது என்று கு. இரண்டு தடவை ஆள் அனுப்பினார். போகவில்லை.

மதியம் மிஷினில் விட்டேன்.

தாள் சுற்றிய குப்பி: டைக்ளோ மட்டும்.
வெயில் பட்ட குப்பி: டைக்ளோ குறைந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பீக். ஊர்த் தண்ணீரில் வந்த அதே இடம், அதே எடை, அதே கூட்டாளி.

எழுந்து நின்றேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அந்தக் குட்டிப் பயலின் பால் பாட்டில் ஞாபகம் வந்தது. சந்தோஷமாக இருந்தால் நான் மனுஷியே இல்லை.

இன்னொன்றும் செய்தேன். வீம்புதான். ஜெல்லைக் கையில் தடவி, சுத்தத் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைப் பல மடங்கு நீர்த்து, அதையும் மிஷினில் விட்டேன். டைக்ளோ பீக் கூரையை முட்டியது. மிஷினுக்கே மூச்சு முட்டி, அப்புறம் சாயங்காலம் வரை வெறும் மெத்தனால் விட்டுக் கழுவ வேண்டியதாயிற்று. கு. குதித்தார். குதிக்கட்டும்.

ஊர்த் தண்ணீர்ப் படத்தோடு இந்த மூன்று படத்தையும் அவர் மேஜையில் விரித்தேன். என் கையிலிருந்து வந்திருந்தால் முழு டைக்ளோ இந்த உயரத்துக்கு வந்திருக்க வேண்டும். ஊர்த் தண்ணீரில் முழு டைக்ளோ துளிகூட இல்லை, துண்டு மட்டும்தான் இருக்கிறது. எதை வைத்து நீங்கள் தண்ணீர் சுத்தம் என்கிறீர்களோ, அதே ‘கண்டறியப்படவில்லை’தான் என் கையும் சுத்தம் என்கிறது. ஒன்று, இரண்டையும் ஒத்துக்கொள்ளுங்கள். இல்லை, இரண்டையும் விடுங்கள். இவ்வளவையும் திக்காமல் சொன்னேன். என்னாலேயே நம்ப முடியவில்லை.

படங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம். இந்த ஆளுக்குப் புரியாமல் இல்லை. மேனேஜர் ஆவதற்கு முன்னால் இந்த மிஷினில் உட்கார்ந்தவர்தானே. புரிந்ததை முகத்தில் பார்த்தேன், அதை அவர் மடித்து உள்ளே வைத்ததையும் பார்த்தேன்.

“சரி மேடம், நீங்க சொல்றது கரெக்ட்டே. ஆனா அவுங்க கேட்டது டைக்ளோ. துண்ட யாரு கேட்டா? கேட்டதுக்குத்தான பதில் சொல்லணும்?”

போர்டில் ‘இல்லை’ என்று எப்படி வந்தது என்று கேட்டேன். கம்பெனி மேலே வைக்கும் தலைப்புக்கு ‘கண்டறியப்படவில்லை’ நீளமாம். போர்டில் இடம் இல்லையாம். இடம் இல்லை, அதனால் மருந்தும் இல்லை.

நான் இது விஷம் என்று சொல்லவில்லை. இந்த அளவில் குடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுது. ‘இல்லை’ என்று எழுதாதே. இவ்வளவுதானே கேட்கிறேன், கடவுளே.

ஜூன் 6, வெள்ளி

புழுக்கம். லேசாக வயிற்று வலி. இட்லி மட்டும்.

மத்தியானத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்றார் கு. கம்பெனியிலிருந்து ஆள் வந்து காத்திருந்தான். கையில் ஹெல்மெட், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் பக்கம்: டைக்ளோ – கண்டறியப்படவில்லை. பொய் இல்லை. ஆனால் அதோடு விட மாட்டேன் என்றேன். இரண்டாம் பக்கம் நானே டைப் செய்தேன்: இந்த மருந்து வெயிலில் உடைந்து உண்டாகும் பொருள் இந்தத் தண்ணீரில் இருக்கிறது. அளவு இன்னும் அளக்கப்படவில்லை. அளக்கும் வரை குழந்தைகளுக்கு வேறு தண்ணீர் கொடுப்பது நல்லது.

கடைசி வரியில் கு. விரலை வைத்தார். இதை எழுத நாம் டாக்டரா என்றார். நான் நகரவில்லை. இந்தப் பக்கம் போகாவிட்டால் முதல் பக்கத்தில் என் கையெழுத்து விழாது என்றேன். ஹெல்மெட்காரன் மணி பார்த்தான். கு. பெருமூச்சு விட்டு, “போடுங்க மேடம், ரெண்டுலயும் போடுங்க” என்றார்.

போட்டேன். இரண்டையும் நானே சேர்த்துப் பின் அடித்தேன்.

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழி நெடுக ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மடச்சி.

(மேலே உள்ள இந்தப் பத்தி ஞாயிறு இரவு சேர்த்தது.)

ஜூன் 7, சனி

துணி துவைத்தேன். கேஸ் வந்தது. மேல வீதியில் கத்தரிக்காய் வாங்கினேன், வீட்டில் வந்து அறுத்தால் பாதி புழு. காய்க்காரி மேலேயும் கோபம். இந்த வாரம் யார் மேல்தான் கோபம் வரவில்லை.

ஸ்டெல்லாவுக்கு இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. நாளைக்கு நேரில் போக வேண்டும். போர்டில் இரண்டாம் பக்கத்தை அவளே படிக்கட்டும். நான் சொன்னால் பயமுறுத்தல், போர்டு சொன்னால் வேதம்.

குழந்தைக்குக் கிலுகிலுப்பை வாங்கினேன். தோளுக்கு ஜெல் தடவினேன், தாராளமாக.

ஜூன் 8, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து நேரே பஸ். வெயில் பல்லைக் காட்டுகிறது. ஊர்ப் பிரிவில் இறங்கி நடந்தேன். டேங்க் முன்னால் குழாயடியில் குடங்கள் வரிசை.

போர்டில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் உறை வேறு.

ஒரே பக்கம்.

முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். நான் பின் அடித்த ஓட்டை மூலையில் கறுப்புப் புள்ளியாக விழுந்திருக்கிறது. மேலே தடித்த எழுத்தில் ‘குடிநீரில் மருந்து எதுவும் இல்லை’. ‘எதுவும்’. அந்தச் சொல்லை இப்போதுதான் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், அதற்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது. கீழே என் கையெழுத்து. பெயர், படிப்பு, சீல், எல்லாம்.

கு.வுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சார் எடுக்க மாட்டார். எடுக்கவில்லை.

கிழிக்கலாம் என்று கை போனது. குழாயடியில் அத்தனை பேர். கிழித்தால் ஒரு பைத்தியக்காரி கிழித்தாள் என்பார்கள், நாளைக்கு வேறு தாள் வரும். அதிலும் என் கையெழுத்துதான். கையை இறக்கிக்கொண்டேன்.

ஸ்டெல்லா வாசலிலேயே பார்த்துவிட்டாள். வா என்று சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். தொட்டிலில் குட்டிப் பயல் தூங்குகிறான், பக்கத்தில் பாதி குடித்த பால் பாட்டில். அந்தோணி கட்டிலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவர் “வாங்கக்கா” என்றார், அதுகூடப் பார்க்காமல்தான்.

வெயிலில் நடந்து வந்த தொண்டை. யார் வந்தாலும் முதலில் தண்ணீர் வைக்கிற வீடு அது. ஸ்டெல்லா எவர்சில்வர் டம்ளர் நிறையக் கொண்டுவந்து என் முன்னால் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை. இடுப்பில் கை.

“குடி. நீ கையெழுத்துப் போட்ட தண்ணிதான். ஒண்ணும் இல்லன்னு காலையில ஊரே படிச்சுது. எங்கக்கான்னு நானும் பெருமையா சொன்னேன். போன்ல ஒரு பேச்சு, பேப்பர்ல ஒரு பேச்சா?”

இரண்டு பக்கம் எழுதினேன், ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே திருட்டுச் சாக்கு மாதிரி கேட்டது. பீக், குளோரின், வெயில், எல்லாம் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. ஒரு வார்த்தைகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

“அதெல்லாம் எனக்கு வேணாம். குடி.”

டம்ளரை எடுத்தேன். ஒரு வாய் குடித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தாகத்தில் உயிர் போகிறது. உதடு வரை கொண்டுபோனேன். தொட்டில் ஆடியது. கை நின்றுவிட்டது. நானாக நிறுத்தவில்லை, அது நின்றது. திரும்பக் கீழே வைத்தேன்.

அந்தோணி போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

ஸ்டெல்லா டம்ளரையே பார்த்தாள். அப்புறம் என்னை. எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், அப்படி ஒரு வெறுப்பை அவள் கண்ணில் நான் பார்த்ததில்லை. குனிந்து டம்ளரை எடுத்தாள். சிந்தாமல், நிறைந்தபடியே, வாசலைத் தாண்டிக் குழாயடிக்கு நடந்தாள். அவள் குரல் உள்ளே வரை கேட்டது.

“பாருங்க. போர்டுல கையெழுத்துப் போட்டவளே வந்துருக்கா. எங்கூடப் பொறந்தவ. வெயில்ல வந்தவ. குடுத்தேன். குடிக்கல.”

குழாய்ச் சத்தம் நின்றது.

அந்தோணி எழுந்தார். என்னிடம் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, “நாளைக்கு எனக்கு வேல இருக்காதுக்கா. ஒங்களுக்கும்தான்” என்றார். கோபமாகக்கூட இல்லை. தொட்டில் பக்கத்தில் இருந்த பால் பாட்டிலை எடுத்தார். வாசலுக்குப் போனார். ரப்பர் காம்பைக் கழற்றி, மண்ணில் கவிழ்த்தார்.